அண்ணன் பக்கத்து மணி

மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாராவது இறந்துபோனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மணி பின்னால் போய்விடும். இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, எதிர்வீட்டு ஆன்ட்டி.

“உங்க அப்பா சாவு நோட்டிஸ் அடிக்கிற அன்னைக்குத்தான் இது மக்கர் பண்ணுது, பாத்தியா? மத்த நாள்ல ஒழுங்கா இருக்கு,” என்றார். “எவ்வளவு பின்னால போவுது?”

“எட்டு மணி நேரம்.”

“எட்டு மணி நேரம்னா ஒரு ஷிஃப்டு. உங்க அண்ணன் இன்னும் வேலைக்குப் போய்க்கிட்டுதான் இருக்கான் லா.”

கேலிக்குத்தான் சொன்னார். சொன்ன பிறகு கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போவான். வாரக் கடைசியில் சிகாமட்டுக்கு வருவான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்து சேரவில்லை. மழை, லாரி, நெடுஞ்சாலை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவனுடைய மரண அறிவிப்பை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் செய்தார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் தட்டிக்கொண்டிருக்க, அப்பா பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படம், பெயர், வயது, எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படும், எந்த மின்சுடலை. சில மாதங்கள் கழித்து அடுத்த வரிசையில் ஒருவர் இறந்தபோது அவருடைய மகன் வந்து நின்றான். “அங்கிள், உங்க வீட்ல செஞ்ச மாதிரி ஒண்ணு…” என்றான். அப்பா உட்கார்ந்தார். அண்ணனின் அறிவிப்பைத் திறந்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து தாமானில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். அப்பா அதை வாட்சாப்பில் அனுப்புவார். அது லாபிஸ், தங்காக், குளுவாங் என்று பழைய எஸ்டேட் சனங்கள் சிதறிப் போயிருக்கும் இடமெல்லாம் போய்ச் சேரும்.

அந்த அறிவிப்பில் தேதி தானாக விழும். அந்த உறவுக்காரப் பையன் அப்படி அமைத்துவிட்டிருந்தான். திறக்கும் நாள் எதுவோ அந்த நாளின் தேதி வந்து உட்காரும். அதாவது அண்ணனின் அறிவிப்பை அப்பா எந்த நாளில் திறந்தாலும் அண்ணன் அன்றைக்குத்தான் இறந்திருப்பான். இன்று பிற்பகல் தகனம் என்று இருக்கும். அப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழித்து எழுதத் தொடங்குவார். இந்த வீட்டில் இது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று நான் யோசிக்க விரும்புவதில்லை.

ஜொகூர் பாரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர்தான் எனக்குப் படிப்பு. செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தத் தவறு நடந்தது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் விடியற்காலையில் இறந்துபோனார். அப்பா ஏழு மணிக்கே அறிவிப்பை முடித்து அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டரோ எட்டு மணி நேரம் பின்னால் இருந்தது. அதற்கு அது இன்னும் நேற்று இரவு. தானாக விழுந்த தேதியும் நேற்றைய தேதி. ‘இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு’ என்று இருந்தது. அதன் மேலேயே நேற்றைய தேதியும் இருந்தது. அழுகிற வீட்டில் யார் தேதியைப் பார்ப்பார்கள்? யாரும் பார்க்கவில்லை.

லாபிஸில் இருந்த அவருடைய தங்கை பார்த்தார். எட்டாம் நாள் துக்கத்துக்கு வந்தவர் அந்த வீட்டிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினார்.

“நீங்கதான் அனுப்பினீங்களா? நேத்து தேதி போட்டிருந்தீங்க. ஃபார்வர்டு ஆகி சுத்திச் சுத்தி எனக்கு லேட்டா வந்துச்சு போலன்னு நெனச்சேன். முடிஞ்சிருச்சுன்னு தலைக்கு ஊத்திக்கிட்டு வீட்லயே உக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். அப்ப எங்கண்ணன் கூடத்துலதான் படுத்திருந்துச்சாம். நாலு ஸ்டேஷன் தூரம்கூட இல்ல. நான் வந்திருப்பேன்ல?”

அப்பா கேட்டைத் திறக்கவே மறந்துபோய் உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நீ லீவு முடிஞ்சு போறதுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர அழிச்சுக் கொடுத்துட்டுப் போ.”

“ஃபார்மட்டா? மணிதானேப்பா, நான் சரி பண்றேன்.”

“ரெண்டு பக்கமும் சேத்து. மொத்தமா.”

“அண்ணன் பக்கமுமா?”

“மொத்தமான்னா மொத்தமாதான்,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துச் சொன்னார். டிவி ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். ஒரு பக்கம் நாங்கள் எல்லாரும் பயன்படுத்தும் விண்டோஸ். இன்னொரு பக்கம் அவனுடைய லினக்ஸ். மின்சாரம் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்றும் செய்யாமல் விட்டால் எங்கள் பக்கம் திறக்கும். கீழ்நோக்கும் அம்பை ஒரு தடவை அழுத்தினால் அவன் பக்கம். அங்கே அவனுடைய படமும் பெயரும் கடவுச்சொல் கேட்கும் ஒரு கட்டமும் வந்து நிற்கும். படத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிய தலைமுடியோடு சிரித்துக்கொண்டிருப்பான். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. உடைத்து உள்ளே போக எனக்கு வழி தெரியும். அம்மா வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைவிட அது அங்கே இருக்கிறது என்பது எங்களுக்குப் போதுமாக இருந்தது. அப்பா அதைத்தான் அழிக்கச் சொன்னார். மணி ஏன் விழுகிறது என்று நான் கண்டுபிடித்துவிட்டால் அழிக்க வேண்டியிருக்காது. விடுமுறை முடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சந்தேகம் பேட்டரி மேல். கம்ப்யூட்டரை அணைத்தாலும் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத் தீனி போடுவது பொத்தான் மாதிரி ஒரு வட்ட பேட்டரி. அது தளர்ந்தால் மணி தவறும். டவுனுக்குப் போய் ஒன்று வாங்கிவந்து பெட்டியைக் கழற்றினேன். உள்ளே தூசிக்கு நடுவே அண்ணன் ஒயர்களைக் கட்டி வைத்திருந்த சின்னச் சின்ன வெள்ளைக் கட்டுகள் இருந்தன. எல்லாவற்றின் வாலையும் ஒரே நீளத்துக்கு வெட்டியிருந்தான். அவற்றைத் தொடாமல் பேட்டரியை மட்டும் மாற்றினேன்.

மணி சரியாக ஓடியது. ஒரு வாரம் ஓடியது. நான் எதிர்வீட்டுக்கே போய் அறிவித்தேன். “பேட்டரி, ஆன்ட்டி. பேயும் இல்ல, ஷிஃப்டும் இல்ல.”

“இந்த வாரம் யாரும் சாகல, அதான்,” என்றார் ஆன்ட்டி. “எதுக்கும் அந்தப் பொட்டி மேல கொஞ்சம் விபூதி வெச்சுரு. உங்கம்மாகிட்ட சொல்லு.”

அம்மா ஏற்கனவே வைத்திருந்தார். காற்றுப் போகும் ஓட்டைகளுக்கு மேலேயே மூன்று விரலில் இழுத்துவிட்டிருந்தார். விபூதி உள்ளே கொட்டினால் விசிறி நின்றுவிடும் என்று விளக்கிக்கொண்டே துடைத்தேன். “துடைச்சியா? நீயே பாத்துக்க,” என்றார் அம்மா.

அந்த வாரக் கடைசியில் பழைய எஸ்டேட் பக்கம் ஒரு சாவு. அறிவிப்புச் செய்ய அப்பா உட்கார்ந்தார். அவர் எழுந்து போனதும் நான் ஓடிப்போய்த் திரையின் மூலையைப் பார்த்தேன். எட்டு மணி நேரம் பின்னால்.

போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேட்டரிப் பழுது என்றால் மணி கண்டபடி தவறும். இது ஒவ்வொரு தடவையும் சரியாக எட்டு மணி நேரம். அப்படியானால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

விண்டோஸ் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். தேடிப் பார்த்தேன். யாரும் மணியை மாற்றியதாக எழுதவில்லை. முந்தின நாள் அணைக்கும்போது மணி சரி, மறுநாள் கண் திறக்கும்போதே பின்னால். எங்கள் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

பிறகுதான் உறைத்தது. மலேசியா கிரீனிச்சைவிட எட்டு மணி நேரம் முன்னால். உள்ளே இருக்கும் சின்னக் கடிகாரம் ஒன்றுதான், அதைப் படிக்கிறவர்கள் இரண்டு பேர். விண்டோஸ் அதில் இருப்பதை நம் ஊர் மணியாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதைக் கிரீனிச் மணி என்று நினைத்து எட்டைக் கூட்டிக் காட்டும். அண்ணன் பக்கத்தைத் திறந்தால் அது இணையத்திலிருந்து சரியான நேரத்தைக் கேட்டு வாங்கி, சின்னக் கடிகாரத்தில் கிரீனிச் மணியை எழுதிவிடும். அடுத்து எங்கள் பக்கத்தைத் திறந்தால் அது அந்தக் கிரீனிச் மணியை அப்படியே சிகாமட் மணியாகக் காட்டும். கொஞ்ச நேரம் போனால் இணையத்தைக் கேட்டு அதுவாகவே திருத்திக்கொள்ளும். அதனால்தான் மற்ற நாட்களில் ஒழுங்காக இருந்தது.

இவ்வளவும் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சாவு விழும் நாளில் எல்லாம் அண்ணனின் பக்கம் திறக்கிறது.

அம்மாவிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, அண்ணன் பக்கத்த நீங்க தொறக்கிறீங்களா?”

“நானா? எனக்கு அத எங்க தட்டி எழுப்புறதுன்னே தெரியாது. நான் நாடகம் பாக்குறதே போன்லதான்.” கீரையிலிருந்து கை நின்றது. “ஏன், யாராச்சும் தொறக்கிறாங்களா?”

“தொறக்குது.”

அம்மா கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “பாஸ்வேர்டு போட்டு உள்ள போவுதா?”

அதற்குப் பதில் தெரிய நான் ஒரு வேலை செய்தேன். பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, அண்ணன் பக்கம் எழுதி வைத்திருந்த குறிப்பை மட்டும் படித்தேன். எப்போது கண் திறந்தது, எப்போது மூடியது. அவனுடைய கோப்பு எதையும் தொடவில்லை. திறந்த நாட்களெல்லாம் அப்பாவின் அறிவிப்பு நாட்கள். ஒரே ஒரு நாள் மட்டும் பொருந்தவில்லை. அந்த வாரத்தில் எந்த அறிவிப்பும் இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்தேன். கடவுச்சொல்லை யாரும் ஒரு தடவைகூடத் தப்பாகவும் போட்டுப் பார்க்கவில்லை.

“உள்ள போகலம்மா. வாசல்ல வந்து நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அணைஞ்சிடுது.”

“அப்ப அவன் இல்ல,” என்றார் அம்மா. “அவன்னா உள்ள போயிருப்பான்.” கீரையை மறுபடி எடுத்துக்கொண்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

விடுமுறையில் நான்கைந்து நாட்கள்தான் மிச்சம். காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த, முன்பு லாரி ஓட்டியவர் இறந்துவிட்டாராம். எனக்கும் அவரைத் தெரியும். போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் ஹாரன் அடித்துப் பயமுறுத்துவார். அப்பா “சரிப்பா, படத்த அனுப்பு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு அறைக்குள் போனார். அம்மா எதிர்வீட்டுக்குச் சொல்லப் போனார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நடைக்கு வந்தேன். அறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. அப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்து ஒரு விசையை ஒரு தடவை அழுத்தினார். கீழ்நோக்கும் அம்பு. சற்று நேரத்தில் ஊதா வெளிச்சம் அவருடைய வெள்ளைப் பனியன் மேல் விழுந்தது. இடைவெளி வழியே அண்ணனின் படத்தில் பாதி தெரிந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சாதாரணமாக, போனில் பேசுகிற மாதிரி பேசினார்.

“தம்பி. லாரி அங்கிள் வராருப்பா. மூணாவது லைன்ல இருந்தாருல்ல, ஹாரன் அடிப்பாரே, அவரு. ராத்திரி நெஞ்சு வலியாம். கண்ணு சரியாத் தெரியாது அவருக்கு, ஒத்துக்க மாட்டாரு. நீ பாத்துக் கூட்டிக்கிட்டுப் போ.”

கொஞ்சம் நிறுத்தினார். “போன வாரம் வந்தவங்க நல்லா இருக்காங்களா?”

திரையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே மணி ஓடிக்கொண்டிருந்தது. அது சரியான மணி. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் தப்பாக இருக்கப்போவது எங்கள் பக்கம் மட்டும்தான்.

நான் சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பினேன். கோப்பையைக் கழுவினேன். கழுவிய கோப்பையை மறுபடி கழுவினேன்.

பிறகு அறைக்குப் போனபோது அப்பா எங்கள் பக்கத்தில் இருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, தேதியைக் கையாலேயே தட்டிக்கொண்டிருந்தார். “பாத்தியா, இன்னைக்கும் விழுந்துருச்சு,” என்றார். “இந்த மெஷின நம்பி நான் இன்னொரு வீட்டுக்குப் பாவம் பண்ண முடியாது. நாளைக்கே அழிச்சிடு.”

அவருக்குத் தெரியவில்லை. தான் போய் நிற்கிற வாசல்தான் மணியைத் தள்ளுகிறது என்று தெரியாமலே, அந்த வாசலை இடிக்கச் சொல்கிறார். ஒருவேளை அந்தத் தங்கை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனையாக இருக்கலாம் அது.

சரிசெய்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருக்கும் கடிகாரம் கிரீனிச் மணிதான் என்று விண்டோஸுக்கும் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிக்கும். அண்ணனின் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன், எங்கள் பக்கத்தைத் திறந்தேன். மணி அசையவில்லை. திறந்தபோது நானும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரையின் தூசியை மட்டும் துடைத்தேன்.

சாயங்காலம் அப்பா தகனத்திலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் சொன்னேன்.

“மணியக் கண்டுபிடிச்சிட்டேன்பா. ரெண்டு பக்கமும் ஒரே கடிகாரத்த வேற வேற மாதிரி படிச்சிருக்கு. பழுது ஒண்ணும் இல்ல.”

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். துண்டு மெதுவானது. “அப்படின்னா, அந்தப் பக்கம் தொறந்தா இந்தப் பக்கம் மணி விழுமா?”

“விழுந்துச்சு.”

“அன்னைக்குக் காலையிலயும்?”

அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு அதன் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே விழாதுப்பா,” என்றேன்.

“தொறந்தாலுமா?”

“எத்தன தடவ தொறந்தாலும்.”

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அதுல எடம் ரொம்ப அடைக்குதோ?”

“இல்லப்பா. எடம் நெறைய இருக்கு.”

“அப்ப இருக்கட்டும்,” என்றார்.

மறுநாள் அப்பா தனியாக லாபிஸுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் ஒரு பை டுக்கு பழம் இருந்தது. அந்தப் பெரியவரின் தங்கை கொடுத்ததாம். என்ன பேசினீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பழம் இனிப்பாக இருந்தது.

விடுமுறை முடிந்த அன்று அப்பாதான் என்னைச் சிகாமட் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். எப்போதும்போல் ரயில் நகரும்வரை நின்றார், எப்போதும்போல் கையை மார்பளவுக்குத்தான் தூக்கினார். பெட்டி அசைந்து அவர் பின்னால் போகத் தொடங்கியபோது, நான் ஓரமாக எடுத்து வைத்திருந்த அந்த ஒற்றை நாள் ஞாபகம் வந்தது. யாரும் சாகாத நாள். போனில் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன். இதே நடைமேடை, இதே பை. பாலிடெக்னிக்குக்கு நான் முதல்முதலாகக் கிளம்பிப் போன நாள் அது.

என்னை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய் அப்பா அதைத் திறந்திருக்கிறார். ஜொகூர் பாருவுக்கு ஒருத்தி வருகிறாள், பார்த்துக்கொள் என்று சொல்லியிருப்பாரா, அல்லது அவளை அங்கேயே விட்டுவிடு, கூட்டிக்கொண்டு போகாதே என்று சொல்லியிருப்பாரா?

இன்றும் திறப்பாரா என்று இனி எனக்குத் தெரிய வழியில்லை. முன்பு என்றால் அம்மாவிடம் மணியைக் கேட்டாலே போதும், யார் எங்கே போய்வந்தார் என்று தெரிந்துவிடும். அந்தக் காலடித் தடத்தை நானே அழித்துவிட்டேன். ஆனாலும் லாபிஸ் தாண்டும்போது அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். கம்ப்யூட்டர்ல மணி என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

பதில் வர நேரமாயிற்று. அறைக்கதவு சாத்தியிருந்ததாம். அம்மா கதவைத் தட்டவில்லை.